ஜாக்கி தூக்கும், தாங்காது!

வீட்டு வாசலில் வண்டி பராமரிப்பவர்கள் கவனத்துக்கு

லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது:

‘எங்கள் வீட்டில் ஒரு பழைய காரும், வாழைத்தார் ஏற்ற ஒரு மினி லோடு வண்டியும் இருக்கின்றன. ஆயில் மாற்றுவது, டயர் மாற்றிப் போடுவது எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரும் மகனும் வாசலிலேயே செய்கிறார்கள். காரோடு வந்த ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, பக்கத்தில் ரெண்டு செங்கல்லை அடுக்கிவிட்டு, மகன் கீழே போய்ப் படுத்துக்கொள்கிறான். பார்க்கவே எனக்கு வயிறு கலங்குகிறது. சொன்னால், உனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள். நீங்கள் எழுதினால் கேட்பார்கள்.’

அம்மா, நீங்கள் பயப்படுவதுதான் சரி. நெல்லுக்கும் வாழைக்கும் பதில் எழுதும் பக்கத்தில் ஜாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இன்று கிராமத்தில் பல வீடுகளில் கார், லோடு ஆட்டோ, டிராக்டர், டிரெய்லர் என்று ஏதாவது ஒரு வண்டி நிற்கிறது. ஒர்க்‌ஷாப் செலவை மிச்சப்படுத்த வீட்டிலேயே வேலை பார்ப்பதில் தப்பில்லை. தூக்கி நிறுத்தும் முறை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அதில் பாதி விஷயம் இரும்பைப் பற்றியது. மீதிப் பாதி மண்ணைப் பற்றியது. அதனால் இந்தக் கேள்வி என்னிடம் வந்ததும் பொருத்தம்தான்.

மேலூர் தோப்பில் நடந்தது

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதம். ஸ்ரீரங்கம் மேலூர்ப் பக்கம் ஒரு வாழைத் தோப்புக்கு என் சொந்தக் காரில் போயிருந்தேன். பூவனில் இலைப்புள்ளி நோய் பார்த்துவிட்டுத் திரும்பினால் முன் டயர் பஞ்சர். முந்தின நாள் மழை. தோப்பின் உள்பாதை மேலே காய்ந்த மாதிரி தெரிந்தது. ஜாக்கியை அப்படியே மண்ணில் வைத்துத் தூக்கினேன். உதவிக்குத் தோப்புக்காரர் வீட்டுப் பையன் ஒருவன்.

பக்கத்தில் நின்ற பெரியவர் இளம் வயதில் லாரியில் கிளீனராக இருந்தவர். அவர் சும்மா இருக்கவில்லை.

“சார், கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்டெப்னிய வண்டிக்கு அடியில படுக்கப் போடுங்க.”

“ரெண்டு நிமிஷ வேலைதானே அண்ணே.”

“ரெண்டு நிமிஷத்துலதான் சார் எல்லாம் நடக்கும். போடுங்க.”

அவர் மனம் கோணக்கூடாது என்றுதான் போட்டேன். சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு நட்டு உருண்டு காருக்கு அடியில் போனது. பையன் குனிந்து கையை உள்ளே விட்டான். அந்த நேரத்தில் ஜாக்கியின் ஒரு பக்கம் மண்ணுக்குள் இறங்கி, சாய்ந்து, கார் ‘தட்’ என்று உட்கார்ந்தது. படுத்திருந்த ஸ்டெப்னி மேல் உட்கார்ந்ததால் பையனுடைய கை தப்பித்தது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

அந்த மண் வண்டல் என்று எனக்குத் தெரியும். ஈரத்தில் எப்படி இளகும் என்றும் தெரியும். மண்ணைப் பற்றி ஊருக்குச் சொல்லச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனாலும் ஜாக்கியை வைக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து என் காரில் ஒரு மரப்பலகையும் இரண்டு கட்டைகளும் எப்போதும் கிடக்கும்.

இரண்டு ஆபத்து: உருளுவது, விழுவது

தூக்கிய வண்டி இரண்டு விதமாக ஆளைத் தாக்கும். ஒன்று, உருண்டு ஜாக்கியிலிருந்து நழுவும். இரண்டு, நின்ற இடத்திலேயே கீழே இறங்கும். இரண்டுக்கும் தனித்தனியாகக் காவல் வேண்டும். உருளாமல் இருக்கக் கட்டை. விழாமல் இருக்க ஸ்டாண்டு. ஜாக்கி இந்த இரண்டில் எதுவும் இல்லை. அது தூக்க மட்டும்தான்.

முதலில் கட்டையைப் பார்ப்போம். ஸ்ரீரங்கம் சித்திரைத் தேருக்குச் சுற்றுப்பட்டு கிராமத்துச் சனங்கள் வருடம் தவறாமல் வருகிறோம். அத்தனை பெரிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் எதனால்? சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் முட்டுக்கட்டையால்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதற்குப் பிறகும் அங்கே முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போகவில்லை. நம் காருக்கு மட்டும் ஹேண்ட் பிரேக் போதும் என்று எப்படி நினைக்கிறோம்?

ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கிவிட்டால், பிரேக் பிடித்திருக்கும் சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கின்றன. அப்போது அந்த பிரேக்கால் பயன் இல்லை.

‘கியரில் போட்டிருக்கிறேனே’ என்பார்கள். அதையும் நம்ப முடியாது. எஞ்சினோடு இணைந்த இரண்டு சக்கரத்தில் ஒன்று தரையை விட்டுத் தூக்கினாலே போதும். தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும். இது டிஃபரன்ஷியல் செய்யும் வேலை. சேற்றில் மாட்டிய டிராக்டரில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றி, மற்றது நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

பின்சக்கரம் இழுக்கும் லோடு வண்டிகளில் இன்னும் மோசம். அதில் கியரும் ஹேண்ட் பிரேக்கும் இரண்டுமே பின் சக்கரத்தில்தான். பின்பக்கத்தை முழுதாகத் தூக்கினால் இரண்டும் போய்விடும். முன் சக்கரத்துக்குக் கொடுத்த கட்டை மட்டும்தான் வண்டியைப் பிடித்திருக்கும்.

ஆகவே, எந்தப் பக்கம் தூக்குகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும், முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஆப்பு மாதிரிச் சரித்து அறுத்த மரக்கட்டையாக இருந்தால் நல்லது. ஜல்லிக் கல்லும், உடைந்த செங்கல்லும், தேங்காய் மட்டையும் கட்டை ஆகாது.

தரையைப் பாருங்கள்

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, நடுவில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் மணலும் கலந்த மண். வாழைக்கு வரம், ஜாக்கிக்கு எமன். லால்குடி, குழுமணி, ஜீயபுரம் என்று ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்களிலெல்லாம் இதே நிலைதான். மேல்மண் காய்ந்து ஓடு மாதிரி இருக்கும். அரை அடிக்குக் கீழே ஈரம் நிற்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு சிறிய காரின் முன்பக்க மூலை ஒன்றைத் தூக்கும்போது ஜாக்கி மேல் தோராயமாக 300 கிலோ எடை வரும் என்று வையுங்கள். காரோடு வரும் ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கை அளவு. சுமார் 80 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் 3.75 கிலோ தாங்க வேண்டும். அதே ஜாக்கிக்கு அடியில் ஓர் அடிக்கு ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் சதுரத்தில் கனமான பலகையைப் போடுங்கள். பரப்பு 900 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. அழுத்தம் 0.33 கிலோவாகக் குறைகிறது. ஏறக்குறைய ஓர் ஆள் ஒற்றைக் காலில் நிற்பது போன்ற அழுத்தம். ஒரு பலகைத் துண்டு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது.

பலகை வளையாத கனம் வேண்டும். ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வேம்பு, கருவேலம் போன்ற கெட்டி மரம் நல்லது. பெட்டி அடிக்கும் மெல்லிய பலகை பிளந்துவிடும்.

மண்ணைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒற்றைக் குதிகாலை ஊன்றி முழு எடையையும் அதில் கொடுத்துப் பாருங்கள். குதிகால் பதிந்தால் அந்த இடத்தில் பலகை போட்டும் தூக்க வேண்டாம். பஞ்சரான டயரோடு இருபது, முப்பது அடி மெல்ல உருட்டிக் கெட்டித் தரைக்குக் கொண்டுபோங்கள். டயர் வீணாகலாம். போனால் போகட்டும்.

வீட்டு வாசலிலும் மறைந்திருக்கும் பள்ளங்கள் உண்டு. கீழே சொல்லும் இடங்களில் ஜாக்கியோ ஸ்டாண்டோ வைக்கக் கூடாது:

• சாக்கடை மேல் போட்ட கடப்பாக் கல், சிமென்ட் பலகை.

• செப்டிக் டேங்க் மூடியும் அதன் மேல்தளமும். இப்போது பல வீடுகளில் போர்ட்டிகோவுக்குக் கீழேதான் டேங்க் இருக்கிறது.

• தெருவிலிருந்து வாசலுக்கு ஏறும் சாய்தளம். பாதி வண்டி சாய்வில், பாதி சமதளத்தில் நின்றாலும் கூடாது.

• வழவழப்பான டைல்ஸ் தரை. ஜாக்கி வழுக்கும், டைல்ஸும் உடையும்.

• சித்திரை, வைகாசி வெயிலில் இளகிய தார் ரோடு. காலையில் கெட்டியாக இருக்கும். மதியம் ஜாக்கியை விழுங்கும்.

சமமான சிமென்ட் தளம்தான் முதல் தரம். சிமென்ட் களம் இருந்தால் அதில் ஓர் ஓரத்தை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த ஜாக்கி, எந்த இடம்?

காரோடு வரும் கத்தரி ஜாக்கி, வழியில் பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதன் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் போகக் கூடாது என்று வண்டியோடு தரும் புத்தகத்திலேயே எச்சரித்திருப்பார்கள்.

லாரி, டிராக்டர்காரர்கள் வைத்திருக்கும் பாட்டில் ஜாக்கி அதிக எடை தூக்கும். ஆனால் உள்ளே இருப்பது ஆயில். சீல் தேய்ந்திருந்தால், தூக்கும்போது நன்றாகத் தூக்கிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சத்தமே வராது. ஜாக்கியின் அடியில் ஆயில் கசிந்த தடம் இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

சக்கரம் வைத்த டிராலி ஜாக்கிதான் வீட்டு வேலைக்கு வசதி. அதைக் கெட்டித் தரையில்தான் பயன்படுத்த வேண்டும். தூக்கும்போது அதன் கை வளைவாக மேலே போகும். அதற்கு ஏற்ப ஜாக்கி தரையில் கொஞ்சம் நகர வேண்டும். மண்ணில் அதன் குட்டிச் சக்கரம் புதைந்து நின்றுவிட்டால், ஜாக்கிக்குப் பதிலாக வண்டி நகரும். அல்லது பிடி நழுவும்.

காரில் ஜாக்கி வைக்கும் இடம் எல்லா இடமும் அல்ல. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புத் தகட்டில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இரண்டு வெட்டுக்களோ அம்புக்குறியோ இருக்கும். அங்கே தகடு கனமாக இருக்கும். டிராலி ஜாக்கி வைக்க முன்பக்கமும் பின்பக்கமும் நடுவில் எது பலமான இடம் என்பதை வண்டிப் புத்தகத்தில் பாருங்கள். புத்தகம் இல்லாவிட்டால், தெரிந்த மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டச் சொல்லி, அந்த இடங்களில் வெள்ளைப் பெயின்ட்டால் பொட்டு வைத்துவிடுங்கள். பெரும்பாலான லோடு வண்டி, பிக்கப், பழைய ஜீப்புகளில் சேஸ் தனியாக இருக்கும். சேஸுக்கு அடியிலோ, பட்டை ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஆக்சிலுக்கு அடியிலோ கொடுக்கலாம்.

ஆயில் சம்ப், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், சைலன்சர், காரின் தரைத் தகடு இவற்றில் ஜாக்கி வைக்கவே கூடாது. சம்ப் நசுங்கினால் செலவு. ஜாக்கி தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போனால் வண்டி கீழே வரும்.

எதன் மேல் நிறுத்துவது?

தூக்கியதும் வண்டியை ஜாக்கி ஸ்டாண்டு மேல் இறக்கி உட்கார வைக்க வேண்டும். உயரம் கூட்டிக் குறைக்கும் இரும்பு ஸ்டாண்டு, திருச்சி போன்ற ஊர்களில் மோட்டார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். பல்லும் கொண்டியும் உள்ளது, குறுக்கே பின் செருகுவது என இரண்டு வகை உண்டு. இரண்டும் நல்லதுதான். கொண்டி முழுதாக விழுந்திருக்கிறதா, பின் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். எத்தனை டன் என்று அதிலேயே எழுதியிருக்கும். சில கம்பெனிகள் ஜோடிக்குச் சேர்த்து எழுதுவார்கள், கேட்டு வாங்குங்கள். மண் தரையானால் ஸ்டாண்டுக்கு அடியிலும் நான்கு காலும் அடங்கும் அகலப் பலகை வேண்டும்.

நம் வீடுகளில் ஸ்டாண்டுக்குப் பதிலாக வைப்பதைப் பட்டியல் போட்டால் பயம்தான் வரும்: செங்கல், ஹாலோ பிளாக், அம்மிக்கல், உரல், தென்னை உருளை, காலி டிரம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவரில் பரவலாக எடை தாங்கும். ஒரு முனையில் குவிந்து வரும் எடையில், முன்னறிவிப்பு இல்லாமல் பொடியாக உடையும். அம்மியும் உரலும் உடையாமல் போகலாம்; ஆனால் வழுக்கும். உருளை உருளும்.

அவசரத்துக்கு ஸ்டாண்டு இல்லையென்றால், சதுரமாக அறுத்த கனமான மரத்துண்டுகளை, இரண்டு நீளவாக்கில், அதன் மேல் இரண்டு குறுக்குவாக்கில் என்று அடுக்கலாம். அடிப்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். அடுக்கின் உயரம் அடியின் அகலத்தைத் தாண்டக் கூடாது. தடம் புரண்ட ரயில் பெட்டியைத் தூக்கும்போது, ஜாக்கி ஏற ஏற மரக்கட்டை அடுக்கிக்கொண்டே போவார்கள். நம் ஊர்ப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ‘தூக்கினதும் தாங்கு கொடு’ என்பதுதான் அவர்களும் சொல்லும் முதல் பாடமாக இருக்கும்.

வரிசைப்படி செய்ய வேண்டியவை

1. பகல் வெளிச்சத்தில், சமதளத்தில், கூட ஓர் ஆளை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். தனியாக வேண்டாம். போன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

2. வண்டியில் இருக்கும் பாரத்தை இறக்குங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 20 இருந்தாலே 900 கிலோ. ஒரு சிறிய காரின் எடை அதில் இருக்கிறது.

3. எல்லோரையும் வண்டியிலிருந்து இறக்குங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பம்பரில் கன்றுக்குட்டி, ஆடு கட்டியிருந்தால் அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுங்கள்.

4. எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள்.

5. எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

6. சக்கரத்தைக் கழற்றும் வேலையானால், தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். அந்தரத்தில் இருக்கும் வண்டியில் ஸ்பேனர் போட்டு மிதித்தால் வண்டி ஆடும், ஜாக்கி சாயும்.

7. ஜாக்கி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே மெல்லத் தூக்குங்கள். சாய்ந்தால் இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். வேலைக்கு எவ்வளவு உயரம் போதுமோ அவ்வளவு மட்டும்.

8. பலமான இடத்தில் ஸ்டாண்டைக் கொடுத்து, வண்டியை அதன் மேல் மெல்ல இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரம். ஜாக்கியை எடுத்துவிடாமல், லேசாகத் தொட்டபடி துணைக்கு நிற்கட்டும்.

9. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில், விளிம்புக்குச் சற்று உள்ளே படுக்கப் போடுங்கள். எல்லாம் கைவிட்டாலும் ஓர் ஆள் கனத்துக்கு இடைவெளி மிஞ்ச அது உதவும்.

10. அடியில் போகும் முன் வெளியே நின்று வண்டியை இரண்டு கையாலும் நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். ஆடாமல் நின்றால் மட்டும் உள்ளே போங்கள்.

வேலை முடிந்ததும் உள்ளே ஸ்பேனர், துணி, ஆள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, சற்றே தூக்கி ஸ்டாண்டை எடுத்து, மெல்ல இறக்குங்கள். நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். கடைசி முடுக்கு சக்கரம் தரையில் நின்ற பிறகு. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். ஆயில் மாற்றியிருந்தால் சமதளத்தில் நிறுத்தி அளவுகோலை எடுத்துப் பாருங்கள். பழைய ஆயிலை வாய்க்காலிலோ தோப்பிலோ ஊற்ற வேண்டாம். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ரோட்டவேட்டருக்கும் இதே சட்டம்

இது காருக்கு மட்டும் சொன்னது இல்லை. டிராக்டரின் ஹைட்ராலிக் கையில் ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு, கீழே உட்கார்ந்து பிளேடு மாற்றுகிறோம். சீட்டில் விளையாடும் குழந்தை லிவரைத் தொட்டால் என்ன ஆகும்? ஆயில் ஹோஸ் வெடித்தால்? டிராக்டரை அணைத்து, பி.டி.ஓ. நின்ற பிறகு, ரோட்டவேட்டருக்கு அடியில் இரண்டு பக்கமும் கனமான மரக்கட்டை கொடுத்து அதன் மேல் இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். டிப்பர் டிரெய்லரின் தொட்டியைத் தூக்கி, அடியில் கிரீஸ் அடிக்கப் போவதும் அப்படித்தான். தாங்குக் கம்பி இருந்தால் அதைப் பொருத்துங்கள். இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் கேட்டு ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர் கேள்விகள்

இதே விஷயமாக வயல் கூட்டங்களில் என்னிடம் கேட்டவற்றில் சில:

ஸ்டாண்டு வாங்கும் பணத்துக்கு ஒர்க்‌ஷாப்பிலேயே செய்துகொள்ளலாமே?

தாராளமாகச் செய்யலாம். வீட்டில் செய்வதென்றால் ஸ்டாண்டோடு செய்யுங்கள். சிறிய காருக்கான ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை ஒரு கார் டயரின் விலைக்குள் அடங்கும், வருடக்கணக்கில் உழைக்கும். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜோடி வாங்கி, மருந்து ஸ்பிரேயரை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது போலப் பயன்படுத்தலாம்.

தோப்பில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, மேலே வண்டியை நிறுத்தி வேலை பார்க்கலாமா?

ஆற்றங்கரை மண்ணில் கூடவே கூடாது. மணல் கலந்த வண்டலில் வெட்டிய குழியின் சுவர், மேலே வண்டி ஏறி நிற்கும்போது சரியும். தண்ணீர் ஊறும் இடமானால் இன்னும் சீக்கிரம். கற்கட்டு இல்லாத குழியில் இறங்குவது, வண்டி, மண் இரண்டுக்கும் அடியில் போவதற்குச் சமம்.

வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டித் தூக்கினால்?

கிளைக்குள் பூச்சி அரித்திருப்பது வெளியே தெரியாது. எத்தனை கிலோ தாங்கும் என்று மரத்தில் எழுதியும் இல்லை. வேண்டாம்.

பஞ்சர் போட மட்டும் தூக்குகிறோம். அதற்கும் இவ்வளவு வேண்டுமா?

வழியில் ஸ்டெப்னி மாற்ற ஸ்டாண்டு கட்டாயம் இல்லை. கெட்டித் தரை, பலகை, கட்டை மூன்றும் வேண்டும். சக்கரத்தைக் கழற்றும் முன் ஸ்டெப்னியை அடியில் போடுங்கள். பிறகு கழற்றிய சக்கரத்தை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுங்கள். வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது. நட்டு உருண்டு உள்ளே போனால் குச்சியால் தள்ளி எடுங்கள்.

யாராவது அடியில் மாட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்வது?

ஒருவர் உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். மற்றவர்கள் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, வேறொரு ஜாக்கியால் மெல்லத் தூக்கி, தூக்கத் தூக்க மரக்கட்டை கொடுக்க வேண்டும். பதற்றத்தில் பத்துப் பேர் சேர்ந்து வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கவோ புரட்டவோ கூடாது. ஆளைப் பிடித்து இழுப்பதும் கூடாது.

லால்குடிச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தைக் கிழித்து, வண்டி நிற்கும் இடத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஜாக்கி வெளியே வரும்போது நீங்களும் பக்கத்தில் வந்து நில்லுங்கள். ‘கட்டை போட்டாச்சா? ஸ்டாண்டு கொடுத்தாச்சா? ஆட்டிப் பார்த்தாச்சா?’ இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். மூன்றுக்கும் ‘ஆச்சு’ என்று பதில் வந்த பிறகு மகன் அடியில் போகட்டும். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், ஸ்பேனரைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.